எலிசபெத்தை வாசலில் நிறுத்திய பதினொரு ஞாயிறு

எங்கள் சபையின் வாசலில் எலிசபெத் அக்கா பதினொரு ஞாயிற்றுக்கிழமை நின்றாள். அவளை அங்கே நிற்க வைத்த பலகையை அச்சடித்துக் கொடுத்தவன் நான். பழவேற்காடு பஜாரில் ஃப்ளெக்ஸ், ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை என்று கடை வைத்திருக்கும் பிராங்க்ளின் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும். சபைக் கமிட்டியிலும் இருக்கிறேன். இருந்தேன் என்று சொல்ல வேண்டும். இதைக் கோபத்தோடுதான் எழுத உட்காருகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயேதான்.

அக்கா பிறந்தது எங்கள் காலனியில். எட்டு வயதிலேயே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தவள். பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்றைப் பல்லில் கவ்விக்கொண்டே நகர வேண்டும். அதனால் சின்ன வயதில் அவள் பேசியதே இல்லை என்றும், அந்தப் பாக்கியை எல்லாம் தன்னைக் கட்டிய பிறகுதான் பேசித் தீர்த்தாள் என்றும் அவள் புருஷன் மாசிலாமணி அண்ணன் கிண்டல் செய்வார். அவர் கொத்தனாருக்குக் கையாள். இன்று நாங்கள் ஃபேன் போட்டு உட்கார்ந்து ஆராதிக்கிற கோயிலுக்கு, கல்யாணமான புதிதில் அவர்கள் இரண்டு பேரும் தலையில் மணல் சுமந்தார்கள். கூலி வாங்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அக்காவுக்கு வேலை லைட்ஹவுஸ் குப்பத்தில். இருசம்மாள் என்கிற மீனவப் பெண்ணோடு சேர்ந்து மீன் கீறி, உப்புப் போட்டு, கருவாடு காய வைக்கிற வேலை. முதலாளி, கூலியாள் என்று ஆரம்பித்தது, ஒரே வெற்றிலைப் பையில் இரண்டு பேரும் கை விடுகிற அளவுக்கு வந்து நின்றது. உப்பு தின்று தின்று அக்காவின் உள்ளங்கை வெடித்துக் கிடக்கும். கோயிலில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, தாளத்துக்கு அரை அடி முன்னால் பாடுவாள். ஆர்மோனியக்காரர் முறைப்பார். அவள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள், கடைசியில் சபை மொத்தமும் அவள் பின்னால் ஓடும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் காதில் கேட்டதை மறக்க மாட்டாள்.

சுனாமி வந்தபோது குப்பத்து ஜனங்கள் ஓடி வந்து ஒரு வாரம் எங்கள் கோயிலில்தான் படுத்தார்கள். நாங்கள் முழங்காலிடுகிற இடத்தில் அவர்கள் பாய் விரித்தார்கள். அவர்கள் கழுத்தில் தாயத்து இருக்கிறதா, நெற்றியில் குங்குமம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அக்கா அண்டா அண்டாவாக உப்புமா கிண்டினாள். அன்றைக்கு எந்த ஒழுங்கும் எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் மாசிலாமணி அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. நாலைந்து வார்த்தைதான் மிச்சம். ஒரே மகள் ஜாக்குலினைக் கும்மிடிப்பூண்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. அண்ணனை எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத்தான் அக்கா வேலைக்குப் போவாள். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், முன்பிருந்த பாஸ்டர் ஒரு சின்னப் பெட்டியில் திருவிருந்து அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார். அன்றைக்கு அண்ணன் காலையிலேயே சவரம் செய்யச் சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான் என்று எங்கள் எல்லாருக்குமே தெரியும்.

போன ஜூனில் புதுப் பாஸ்டர் வந்தார். பெயர் சாம். முப்பத்து நாலு வயது, நன்றாகப் படித்தவர், சுத்தமான ஆள். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. கமிட்டிச் சண்டையை நிறுத்தினார். குடித்துவிட்டு வந்து பின் பெஞ்சில் தூங்கிய இரண்டு பேரை எழுப்பி வெளியே நிறுத்தினார், ஒருவன் நிஜமாகவே குடியை விட்டான். அவன் பெண்டாட்டி பாஸ்டரைத் தெய்வமாகப் பார்த்தாள். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஆதித் திருச்சபை எப்படி இருந்ததோ அப்படியே நாமும் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாவம் செய்தவர்களை எப்படி ஒழுங்குபடுத்தினார்கள் என்று காலேஜில் படித்திருந்தார். அதை ஒரு தாளில் எழுதி என் கடைக்குக் கொண்டு வந்தார்.

நாலு நிலை. முதல் நிலையில் இருப்பவர் கோயிலுக்குள் வரக் கூடாது. வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் எனக்காக ஜெபியுங்கள் என்று அழுது கேட்க வேண்டும். இரண்டாம் நிலையில் உள்ளே வந்து கடைசியில் நின்று பிரசங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வெளியே போய்விட வேண்டும். மூன்றாம் நிலையில் உள்ளே முழங்காலில் இருக்க வேண்டும். நாலாம் நிலையில் எல்லாரோடும் நிற்கலாம், ஆனால் திருவிருந்து கிடையாது. பாஸ்டர் எழுதிய தாளில் ஐந்தாவதாக ஒரு வரியும் இருந்தது. சாகிற நிலையில் இருப்பவருக்கு இந்த நாலும் கிடையாது, அவர் எந்த நிலையில் இருந்தாலும் திருவிருந்தை மறுக்கக் கூடாது என்று அந்தக் காலத்து மூப்பர்களே விதி வைத்திருக்கிறார்கள் என்பது அந்த வரி.

போர்டு ஆறடிக்கு நாலடி. ஐந்து வரியும் போட்டால் எழுத்து சின்னதாகிவிடும் என்றேன். பாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "கடைசி வரிய எடுத்துடுங்க பிரதர். அது விதிவிலக்குதானே" என்றார். எடுத்துவிட்டேன். நாலு நிலையும் பளிச்சென்று தெரியும்படி நீலத்தில் போட்டு, ஓரத்தில் ஒரு புறா படத்தையும் வைத்தேன். பாஸ்டருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஐப்பசிக் கடைசியில் கடல் கொந்தளித்தது. இருசம்மாள் புருஷன் திருவேங்கடமும் இன்னும் இரண்டு பேரும் போன ஃபைபர் போட் திரும்பவில்லை. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. குப்பத்தில் அப்படி ஆனால் அம்மன் கோயிலிலிருந்து மஞ்சள் தண்ணீர்க் குடம் எடுத்து, வேப்பிலை போட்டு, கரைக்குச் சுமந்து போய்க் கடலில் ஊற்றுவார்கள். போட்டுக்காரன் வீட்டுப் பெண்தான் சுமக்க வேண்டும். இருசம்மாள் இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். பாதி வழியிலேயே மணலில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். குடம் சரிந்தது. பக்கத்தில் அவளைப் பிடித்துக்கொண்டு நடந்த எலிசபெத் அக்கா குடத்தை இழுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, அலை வரைக்கும் போய் ஊற்றினாள். ஊற்றும்போது, "ஏசப்பா, இந்த மனுசனக் கொண்டாந்து உட்டுடு" என்று கத்தினாள். மறுநாள் மூன்று பேரையும் ஆந்திராக்காரர்களின் போட் ஒன்று இழுத்து வந்து விட்டது.

இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே சொன்னாள். வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபத்தில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். அக்கா எழுந்து, குடம் சரிந்தது, தான் தூக்கியது, ஏசப்பாவைக் கூப்பிட்டது, போட் வந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அல்லேலூயா சொல்லி உட்கார்ந்தாள். நன்றி சொல்ல எழுந்தவளின் வாயிலிருந்து குற்றப் பத்திரிகையை எடுத்துக்கொண்டோம் நாங்கள். இப்படி ஒரு கேவலத்தை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் பார்க்க முடியாது.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. ஐந்து பேர். பாஸ்டர் விஷயத்தைச் சொல்லி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். மூப்பர் சின்னப்பன் ஜன்னலைப் பார்த்தார். நான் என் செல்போனைப் பார்த்தேன். தப்புச் செய்தவனிடம் முதலில் நீ மட்டும் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபையில் சொல்லு என்பது இயேசுவே வைத்த முறை. ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்கே இதைச் சொல்லித் தருகிறோம். ஆதித் திருச்சபையை அப்படியே கொண்டு வரப் போகிற நாங்கள், அதற்கும் ஆதியான அந்த முறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மைக்கைப் பிடித்தோம்.

ஞாயிறு காலை பாஸ்டர் அறிவித்தார். சகோதரி எலிசபெத் விக்கிரக ஆராதனையில் பங்கெடுத்ததைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார், இன்று முதல் அவர் முதல் நிலை. அக்கா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதோ எலிசபெத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்து, செருப்பு எங்கே விட்டேன் என்று தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டே வெளியே போனாள்.

அடுத்த வாரம் அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தோம். வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பூப்போட்ட குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு சரியாக வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் ஜெபியுங்கள் என்று கேட்க வேண்டும் அல்லவா? அவள் அதைக் கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சண்டைக் குரலில் இல்லாமல், சாதாரணமாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். என்னைக் கண்டதும், "பிராங்கு, என் வூட்டுக்கு வந்து இன்னா நடந்துச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள்.

"லேட்டாயிடுச்சுக்கா" என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டேன். ஆராதனை தொடங்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி. சின்னப்பனிடம், பாஸ்டர் மனைவியிடம், தான் குழந்தையாகத் தூக்கி வளர்த்த பெண்களிடம். மூன்றாவது வாரத்திலிருந்து ஜனங்கள் கக்கூஸ் பக்கம் இருக்கிற சின்னக் கதவு வழியாக வர ஆரம்பித்தார்கள். அந்த வாரம் நாலு பேர். பிறகு முப்பது நாற்பது பேர். பரிசுத்த சபை மொத்தமும் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கக்கூஸ் தண்ணீரைத் தாண்டித் தாண்டி ஆண்டவர் சந்நிதிக்கு வந்த காட்சியை என் கண்ணால் பார்த்தேன். அந்த வரிசையில் நானும் இருந்தேன்.

கேள்வி கேட்பதே மனந்திரும்பாததற்கு அடையாளம் என்றார் பாஸ்டர். அவள் சபை முன்னால் நின்று, அம்மனைக் கும்பிட்டேன், அது பாவம் என்று சொன்னால் அடுத்த நிலைக்கு விடலாம், அதுவரை வாசல்தான் என்று முடிவாயிற்று. கிறிஸ்துமஸ் காலையில்கூட அவள் வெளியே நின்றுதான் பாடினாள். அப்போதும் அரை அடி முன்னால். உள்ளே ஆர்மோனியம் அவள் குரலைப் பிடிக்க ஓடியது. கேக் கொடுத்தபோது வாசலுக்கு எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று இரண்டு பெண்கள் பாஸ்டரிடம் போய்க் கேட்டார்கள். ஒரு துண்டு கேக்குக்கு அனுமதி கேட்கிற நிலைமையில் இருந்தோம்.

ஜனவரி முதல் வாரம் இருசம்மாள் போட்டின் ஆர்.சி.யை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தாள். நான் தாளை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"ஒங்க சபையில பெரிய மனுசன்னு யாருனா கீறாங்களா?" என்றாள்.

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"எங்க ஊர்லயுந்தான் கேட்டானுங்க. காலனிக்காரி எப்படி அம்மன் கொடத்தத் தூக்கலாம்னு பஞ்சாயத்துல கூப்ட்டு வெச்சானுங்க. மொதல்ல என்னியப் பேசச் சொன்னானுங்க. எம் புருசன் தண்ணியில கீறான், கொடத்த யாரு தூக்குனா ஒனக்கு இன்னாய்யான்னு கேட்டேன். அப்பறம் எலிசபெத்தக் கேட்டானுங்க. கேட்டுட்டு, போங்கன்ட்டானுங்க. ஒரு மணி நேரம் ஆவல. எங்க ஊருக்காரன் ஒண்ணும் யோக்கியன் இல்ல. ஆனா மூஞ்சப் பாத்துக் கேட்டான். நீங்கோ?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை.

"நேத்து அவ வூட்டுக்கு மீனு எடுத்துக்கினு போனேன். அந்த மனுசன் வெள்ளச் சட்ட போட்டுக்கினு குந்திக்கினு கீறாரு. சாயங்காலம் ஆறு மணி. காலையிலேர்ந்து அப்டியே குந்திக்கினு கீறாராம். ஒங்க பாஸ்டரு வருவாருன்னு. போன மாசமும் இப்டித்தானாம். கழட்டலாம்னு கை வெச்சா உட மாட்டேங்கறாரு. அவரு இன்னாய்யா பண்ணாரு?"

அண்ணனுக்குத் திருவிருந்து போகவில்லை என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் சரி. கடையை அப்படியே விட்டுவிட்டுப் பாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். ஒழுங்கில் வைக்கப்பட்டவரோடு சேர்ந்து சாப்பிடக் கூடாது என்பது ஆதிச் சபையின் கட்டளை. மாசிலாமணி ஐயா அவள் கையால்தான் தினமும் சாப்பிடுகிறார். அந்த வீட்டுக்குள் திருவிருந்தை எப்படி எடுத்துப் போவது? "எனக்கும் வருத்தந்தான் பிரதர். ஆனா ஒழுங்குன்னா ஒழுங்கு" என்றார். வருத்தப்பட்டது பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது. கை கால் விளங்காத ஒரு மனுஷன், தன் பெண்டாட்டி ஊட்டுகிற சோற்றைத் தின்பது குற்றம் என்று ஒரு படித்த ஆள் வருத்தத்தோடு சொல்கிறார்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். ஒன்பது வாரம் கழித்து. அவள் மீன் செதில் ஒட்டிய கையோடு வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா நடந்துச்சுக்கா?" என்றேன்.

"வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான். உட்காரச் சொல்லி டீ போட்டாள். நான் மேலே எழுதிய குடத்துக் கதையை முழுசாகச் சொன்னாள்.

"பாஸ்டர் கேக்கறத சொல்லிட்டு உள்ள வந்துடேன்க்கா. அண்ணனுக்காகவாவது" என்றேன்.

"அம்மனக் கும்ட்டேன்னு சொல்லணும். நான் கும்புடல பிராங்கு. கொடம் உழுந்துச்சு, தூக்குனேன். பொய் சொல்லிட்டு உள்ள போனா, உள்ள போயி இன்னா பண்றது? யாருகிட்ட ஜெபம் பண்றது?" கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு வாணாம். சாவற வரைக்கும் வாசல்லயே நிக்கறேன். அவருக்குக் குடுக்கச் சொல்லு. அவரு ரொம்ப நாளு இருக்க மாட்டாரு."

உள்ளே கட்டிலிலிருந்து அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அந்தச் சனிக்கிழமை கமிட்டியில் பேசினேன். கத்தினேன் என்று சொன்னால் பொருத்தம். ஓட்டெடுப்பில் நான் ஒருவன், எதிர்ப்பக்கம் நாலு பேர். பத்தாவது ஞாயிறும் பதினோராவது ஞாயிறும் நான் பெரிய வாசல் வழியாகப் போனேன். அக்கா கேள்வி கேட்கவில்லை. குடையை மடக்கி எனக்கு வழி விட்டாள்.

பதினோராவது ஞாயிறு முடிந்த மறுநாள் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அர்த்தம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை காலை கடையின் டிராயரைக் கொட்டிக் கவிழ்த்து, பாஸ்டர் கைப்பட எழுதிய தாளைத் தேடி எடுத்தேன். ஐந்தாவது வரி அப்படியே இருந்தது. அதன் மேல் நானே சிவப்புப் பேனாவால் அடித்த கோடும் இருந்தது.

பாஸ்டர் வீட்டில் சின்னப்பனும் இருந்தார். தாளை மேஜை மேல் வைத்தேன். பாஸ்டர் அந்த வரியில் விரல் வைத்துப் படித்தார்.

"இது சாகிற நிலையில இருக்கறவங்களுக்கு" என்றார்.

"அவரு இப்ப எந்த நிலையில கீறாருன்னு வந்து பாருங்க பாஸ்டர். ஒங்க நாலுல எதுலனா வர்றாரான்னு சொல்லுங்க."

அவர் முகம் சிவந்தது. தன் கையெழுத்தைத் தானே மறுக்க முடியவில்லை. உள்ளே போய் அங்கி மாட்டிக்கொண்டு, அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். "அவருக்கு மட்டும்" என்றார்.

மூன்று பேரும் போனோம். எங்களைக் கண்டதும் அக்காவுக்குக் கைகால் ஓடவில்லை. ஓடிப்போய் வெள்ளைச் சட்டையை எடுத்தாள். கை நுழைக்க முடியவில்லை, மேலே போர்த்திவிட்டாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அண்ணனின் காதருகே குனிந்து, "வந்துட்டாங்கய்யா, பாஸ்டர் வந்துட்டாரு" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தார்.

பாஸ்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன் தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், நீங்க கொஞ்சம் வெளிய நிக்கணும்."

எனக்கு முதலில் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. திருவிருந்து நடக்கும் இடத்தில் முதல் நிலைக்காரி இருக்கக் கூடாது. தன் வீட்டில், தன் புருஷன் சாகிற கட்டிலின் பக்கத்தில்கூட அவளுக்கு இடமில்லை. நான் பாஸ்டரின் கையைப் பிடிக்கப் போனேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். போய்த் தன் வீட்டு வாசற்படிக்கு வெளியே நின்றாள். அப்போதே அந்தப் பெட்டியை நான் பிடுங்கியிருக்க வேண்டும். அந்த மனுஷனுக்கு அது கிடைத்துவிடட்டும் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாஸ்டர் ஜெபித்தார். நன்றாகவே ஜெபித்தார். அப்பத்தைப் பிட்டு ரசத்தில் நனைத்து அண்ணனின் வாயருகே கொண்டுபோனார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

"ஐயா, வாயத் திறங்க. ஆண்டவரோட சரீரம்."

அண்ணனின் கண் பாஸ்டரைப் பார்க்கவில்லை, அப்பத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தது. இடது கையை மெத்தையிலிருந்து தூக்கினார். அது வாசல் பக்கம் நீண்டது.

"அவ" என்றார். மிச்சமிருந்த வார்த்தைகளில் அது ஒன்று.

சின்னப்பன் மூப்பர் அழ ஆரம்பித்தார். "பாஸ்டர், அவளுக்கும் குடுத்துடலாமே. இவரு மணலு செமந்து கட்டுன கோயிலு" என்றார்.

"நாளைக்கு எல்லாரும் இதே மாதிரி கேப்பாங்க மூப்பரே. அவங்களுக்கு இன்னும் மூணு நிலை பாக்கி இருக்கு" என்றார் பாஸ்டர். குரல் அவருக்கே சரியாக வரவில்லை. மறுபடியும் அப்பத்தை நீட்டினார். அது அண்ணனின் உதட்டில் பட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பக்கவாதம் வந்த முகத்தில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

வெளியிலிருந்து அக்கா கெஞ்சினாள். "வாங்கிக்கய்யா. என்னியப் பாக்காத. ஒனக்குத்தானே வந்துகீறாங்க, வாங்கிக்க. ஒன் கால்ல உழறேன், வாயத் தொற."

அவர் திறக்கவில்லை. பாஸ்டர் எவ்வளவு நேரம் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று தெரியவில்லை. ரசம் ஊறி அவர் விரல் வழியாக வெள்ளை அங்கியில் சொட்டியது. கடைசியில் அதைப் பெட்டியில் திரும்ப வைத்து மூடினார். வாசலில் நின்ற அக்காவைத் தாண்டிப் படி இறங்கிப் போய்விட்டார். சின்னப்பன் அவர் பின்னால் போகவில்லை.

அண்ணன் அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டார். அன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, சபை பிறகு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் எழுத எனக்கு மனசில்லை. அந்தப் புதன்கிழமையில்தான் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

அன்று பாஸ்டர் போனதும் அக்கா உள்ளே வந்தாள். வந்த வேகத்துக்கு அண்ணனை அடித்துவிடுவாளோ என்று பயந்தேன். "ரெண்டு மாசமா அதுக்குத்தானே வாசலப் பாத்துக்கினு கெடந்த. வூடு தேடி வந்தத வாணான்னுட்டியே, ஒனக்கு இன்னாய்யா அவ்ளோ திமிரு?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அவர் நெஞ்சில் நெற்றியை வைத்து அழுதாள். அவர் இடது கை அவள் தலைமேல் கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து எழுந்து, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்த நொய்க் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, ஊதி ஆற்றி, ஒரு ஸ்பூன் எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

அண்ணன் வாயைத் திறந்தார்.